விரிசல் விடாத பூரணக் கொழுக்கட்டை: 200 கிராம் அரிசிக் கணக்கு

பூரணக் கொழுக்கட்டையில் தகராறு எல்லாம் மேல்மாவில்தான். பூரணம் கொஞ்சம் இளகினாலும் முறுகினாலும் சரிக்கட்டிவிடலாம். சொப்பு, அதாவது பூரணத்தை வைத்து மூட மேல்மாவில் செய்யும் கிண்ணம், வெடித்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. வெல்லம் தட்டு வழியாக ஒழுகி, இட்லிக் கொப்பரைத் தண்ணீர் பானகமாகிவிடும். சதுர்த்திக்கு முதல் நாள் மாவு பாக்கெட் வாங்கி, அதன் முதுகில் போட்டிருக்கும் கப் அளவை நம்பி இறங்குகிறவர்களுக்குத்தான் இது அதிகம் நடக்கிறது. எந்த அரிசி, எவ்வளவு வறுபட்டது, மாவில் எவ்வளவு ஈரம் நின்றது என்பதெல்லாம் பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாறும். அதற்கேற்பத் தண்ணீரும் மாறியாக வேண்டும். பச்சரிசியை ஊறவைத்து, நைசாக அரைத்து, வாணலியில் கிளறி எடுக்கும் பழைய முறையில் அந்த ஊகம் இல்லை. அரிசியும் தண்ணீரும் நம் கையில் அளந்தவை. வேலை கூட என்று நினைப்பார்கள். மாவு இடித்து, சலித்து, வறுக்கும் நேரத்தைக் கணக்கில் எடுத்தால் இதுதான் குறைவு.

கீழே உள்ள அளவுக்கு நடுத்தர மோதகம் 24, 25 வரும். மேல்மாவுக்கு: மாவுப் பச்சரிசி 200 கிராம், தண்ணீர் 350 மில்லி, நல்லெண்ணெய் 1 மேசைக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி. பூரணத்துக்கு: தேங்காய்த் துருவல் 200 கிராம், பொடித்த வெல்லம் 150 கிராம், ஏலக்காய் 4, நெய் 1 தேக்கரண்டி. உப்பைக் கண்ணளவில் போடாதீர்கள். நைவேத்தியத்துக்கு முன் வாயில் வைத்துப் பார்க்க முடியாது என்பதால் அளந்து போடுவது ஒன்றே வழி. உப்பில்லாத சொப்பு, உள்ளே பூரணம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், சப்பென்றிருக்கும்.

முதலில் பூரணம்

பூரணம் முழுக்க ஆறியிருந்தால்தான் சொப்புக்குள் வைக்க முடியும். அதனால் இது முதல் வேலை. முந்தைய இரவே செய்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் சரி. காலையில் முதலில் வெளியே எடுத்து வைத்து, குளிர் போனபின் உருட்டுங்கள். சில்லென்ற உருண்டையில் நீர் பூத்து, சொப்பின் உட்பக்கம் நசநசத்துவிடும்.

முற்றிய தேங்காயில் வெள்ளைப் பகுதியை மட்டும் துருவ வேண்டும். ஓட்டை ஒட்டிய பழுப்புத் தோல் சேர்ந்தால் பூரணம் நாரும் துகளுமாக இருக்கும். வெல்லத்தில் மண் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 4 மேசைக்கரண்டி தண்ணீரில் கரையும் வரை மட்டும் சூடாக்கி, வடிகட்டி, அதன் பிறகு அடுப்பில் ஏற்றுங்கள். பாகு நுரைத்துப் பொங்கியதும் துருவலைப் போட்டு நடுத்தர தீயில் கிளறினால் 8 முதல் 10 நிமிடத்தில் சுருண்டு வரும். கம்பிப் பதம் பார்க்கத் தேவையில்லை. அகப்பையால் ஓரமாக ஒதுக்கினால் வாணலியின் நடுவில் பாகு ஊறி வரக் கூடாது; ஒரு துளியை எடுத்து ஆறவிட்டு உருட்டினால் விரலில் ஒட்டாமல் உருண்டையாக நிற்க வேண்டும். அங்கே அடுப்பை அணைத்துவிடுங்கள். வாணலிச் சூட்டில் இன்னும் கொஞ்சம் இறுகும். ‘இன்னும் ஒரு நிமிடம்’ என்று நின்றால் ஆறியதும் தேங்காய் பர்பி ஆகி, கடிக்கும்போது தனியாகக் கழன்று வரும். ஏலப்பொடியும் நெய்யும் இறக்கியபின்.

இறுகிவிட்ட பூரணத்தில் 2 தேக்கரண்டி வெந்நீர் தெளித்து, சிறுதீயில் ஒரு புரட்டுப் புரட்டினால் இளகும். இளகலாகவே நின்றுவிட்டால், மறுபடி கிளறுவது ஒன்று. ஏற்கெனவே நிறம் கறுத்திருந்தால் வறுத்த அரிசி மாவு ஒரு தேக்கரண்டி தூவிப் பிசைவது இன்னொன்று. உறைந்த துருவல்தான் கிடைக்கும் ஊர்களில் இருப்பவர்கள், வெல்லம் சேர்க்கும் முன் துருவலை வெறும் வாணலியில் 3, 4 நிமிடம் ஈரம் போகப் பிரட்டிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பாகு நீர்த்து, சுருள இரட்டிப்பு நேரம் ஆகும். ஆறியதும் 12 கிராம் உருண்டைகளாக முன்கூட்டியே உருட்டி வைத்தால், சொப்பு செய்யும்போது இரண்டாம் கை தேட வேண்டாம்.

மேல்மாவு

அரிசி மாவுக்குக் கோதுமை மாவின் இழுவை கிடையாது. அதைப் பிடித்துவைப்பது வெந்த மாவுச்சத்து மட்டும்தான். மாவுச்சத்து வேகப் போதிய சூடும் தண்ணீரும் ஒரே நேரத்தில் கிடைக்க வேண்டும். விரிசலுக்குக் காரணம் தேடினால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான் போய் நிற்கும்: தண்ணீர் பற்றவில்லை, அல்லது தண்ணீர் இருந்தும் மாவு வேகவில்லை. இரண்டாவது வகைதான் ஏமாற்றும். மாவு பார்க்க ஈரமாக, கையில் ஒட்டுவதாகக்கூட இருக்கும். சொப்பு செய்யப் போனால் ஓரம் பிளந்துகொண்டே வரும். அதற்கு மேலும் தண்ணீர் விட்டால் கூழாகும்.

அரிசியைக் களைந்து 2 மணி நேரம் ஊறவையுங்கள். விரல் நகத்தால் அழுத்தினால் அரிசி மாவாக நொறுங்க வேண்டும். நன்றாக வடித்தபின் 200 கிராம் அரிசி சுமார் 260 கிராம் இருக்கும். தராசு இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள். இதிலிருந்து ரொம்பக் கூடினால் தண்ணீர் வடியவில்லை என்று பொருள். மிக்ஸியில் முதலில் தண்ணீரில் பாதிக்கும் குறைவாக விட்டுக் கெட்டியாக அரைத்து, பிறகு 200 மில்லி வரை சேர்த்து ஓடவிடுங்கள். முதலிலேயே முழுத் தண்ணீரும் விட்டால் அரிசி பிளேடில் சிக்காமல் சுற்றும், கப்பி நிற்கும். இரண்டு விரலுக்கிடையில் தேய்த்தால் நறநறப்பு துளியும் இருக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் மெல்லிய வடிகட்டியில் வடித்துவிடுங்கள். ஒரே ஒரு கப்பித் துகள் இரண்டு மில்லிமீட்டர் சொப்பில் ஓட்டை போடப் போதும். மீதி 150 மில்லியில் ஜாரைக் கழுவி அதையும் சேர்த்தால் மாவு நீர்தோசைப் பதத்தில் இருக்கும்.

அடிகனமான வாணலி, அல்லது நான்ஸ்டிக். எண்ணெயையும் உப்பையும் மாவிலேயே கலந்து, அடியில் படிந்ததை நன்றாகக் கலக்கிவிட்டு, அடுப்பு மூட்டும் முன்பே வாணலியில் ஊற்றுங்கள். சூடான வாணலியில் ஊற்றினால் விழுந்த இடம் உடனே வெந்து கட்டி தட்டும். நடுத்தரத்துக்கும் குறைந்த தீ. மூன்று, நான்கு நிமிடம் ஒன்றுமே நடக்காதது போலிருக்கும். பிறகு அடியிலிருந்து திரிதிரியாக எழும்பி, ஒரு நிமிடத்துக்குள் மொத்தமும் இறுகிவிடும். அந்த ஒரு நிமிடத்தில் கை நிற்கக் கூடாது, தீயும் கூட்டக் கூடாது. தட்டையான மரத் துடுப்பால் அடியை வழித்து வழித்துத் திருப்பி அழுத்துங்கள். திரிகள் கண்டு பயப்பட வேண்டாம், அழுத்தித் தேய்த்தால் கரையும்.

இறுகியதும் இறக்கிவிடுவதுதான் பலர் செய்வது. அங்கே பாதிதான் வெந்திருக்கிறது. வெள்ளையாக, மந்தமாக இருக்கும் மாவு, மேலும் 3, 4 நிமிடம் சிறுதீயில் புரட்டியபின் லேசாகப் பளபளத்து, வாணலியை விட்டு ஒரே உருண்டையாகத் திரண்டு வரும். கையைத் தண்ணீரில் நனைத்து மாவைத் தொட்டுப் பாருங்கள். ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. ஈரக் கையிலும் பிசுபிசுத்தால் இன்னும் ஒரு நிமிடம். இந்த ஒரு சோதனையைத் தாண்டிவிட்டால் மீதி எல்லாம் கைப்பழக்கம்.

இறக்கி, மூடி போட்டு 10 நிமிடம் விடுங்கள். உள்ளே நின்ற ஆவி மீதி வேலையை முடிக்கும். பிறகு கை பொறுக்கும் சூட்டில், எண்ணெய் தொட்டு, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் 3 நிமிடம் அழுத்திப் பிசையுங்கள். ஆறியபின் பிசைந்தால் அந்த வழவழப்பு வராது. பிசைந்த மாவு 560, 570 கிராம் இருக்க வேண்டும். 520க்குக் கீழே போனால் கிளறும்போது தண்ணீர் அதிகம் வற்றிவிட்டது. கொதிநீரை ஒவ்வொரு தேக்கரண்டியாகத் தெளித்துப் பிசைந்து ஈடுகட்டலாம். பச்சைத் தண்ணீர் வேண்டாம். அது மாவுக்குள் போகாமல் மேலே வழுக்கிக்கொண்டு நிற்கும்.

ஒரு முறைக்கு 400 கிராம் அரிசிக்கு மேல் கிளற வேண்டாம். அதற்கு மேல் வீட்டு வாணலியில் துடுப்பு அடிவரை போகாது. மதுரை மீனாட்சியம்மன் கோயில் முக்குறுணி விநாயகருக்குச் சதுர்த்தியன்று 18 படி அரிசியில் ஒற்றைக் கொழுக்கட்டை படைப்பார்கள். அது மெல்லிய சொப்பு அல்ல, வேறு கணக்கு.

பாக்கெட் மாவுதான் இருக்கிறது என்றால்

கப்பை விட்டுவிட்டுத் தராசை எடுங்கள். ஒரே கப்பில் தளர்வாக அள்ளிய மாவுக்கும் தட்டி நிரப்பிய மாவுக்கும் எடையில் நிறைய வித்தியாசம் வரும். விரிசலுக்கும் கூழுக்கும் இடையே உள்ள தூரம் அவ்வளவுதான். 200 கிராம் மாவுக்கு 400 மில்லி தண்ணீர் கொதிக்க வையுங்கள், அதில் 50 மில்லியைக் கையிருப்பாக நிறுத்திக்கொள்ளுங்கள். தளதளவென்று கொதிக்கும்போதே உப்பு, எண்ணெயோடு மாவில் ஊற்றி, கரண்டிக் காம்பால் கிளறி, 10 நிமிடம் மூடி வையுங்கள். பிசையும்போது ஓரம் வெடித்தால் கையிருப்பிலிருந்து சூடாகவே தெளியுங்கள். வறுத்த மாவு தண்ணீரைக் கூடுதலாகக் குடிக்கும். வறுக்காத மாவு குறைவாக. வீட்டில் வறுப்பதானால் நிறம் மாறக் கூடாது. மாவைக் கிள்ளி எடுத்துக் கோலம் இழுத்தால் இழை அறாமல் விழ வேண்டும், அதுதான் பதம்.

மகாராஷ்டிரத்து உகடீச்சே மோதக் (ஆவியில் வேகவைக்கும் மோதகம்) செய்முறையைப் பார்த்து, ஒரு கப் மாவுக்கு ஒரு கப் தண்ணீர் என்று நம் மாவில் செய்கிறவர்கள் உண்டு. அங்கே ஆம்பேமோஹர் போன்ற, வெந்தால் ஒட்டும் தன்மையுள்ள அரிசியில் மாவு அரைப்பார்கள். அந்த அளவு நம் மாவுப் பச்சரிசிக்குப் பற்றாது. அதே காரணத்துக்காக, நம்மிடமும் புது அரிசி என்றால் தண்ணீரை 25 மில்லி குறைத்துத் தொடங்குங்கள். பழைய அரிசி சொன்ன அளவைத் தாராளமாகக் குடிக்கும்.

மாவு எப்படியோ சொதப்பிவிட்டது, பிளந்துகொண்டே இருக்கிறது என்றால் தூக்கிப் போடாதீர்கள். எலுமிச்சை அளவு துண்டுகளாகக் கிள்ளி, இட்லித் தட்டில் 6, 7 நிமிடம் ஆவியில் வைத்து, சூட்டோடு மறுபடி பிசையுங்கள். வேகாமல் நின்ற மாவுச்சத்து இதில் வெந்துவிடும். பாக்கெட் மாவில் செய்தவர்கள் இதைப் பழுது பார்க்கும் வேலையாக இல்லாமல், வழக்கமாகவே செய்யலாம். சொப்பு கண்கூடாக மாறும். இதற்கு எதிரான தவறு, இளகின மாவில் பச்சை அரிசி மாவைத் தூவி இறுக்குவது. தூவியது வேகாமல் உள்ளேயே கிடந்து, ஆறியதும் கல் கல்லாகத் தட்டுப்படும். இளகியதை வாணலியில் போட்டு இரண்டு நிமிடம் புரட்டி இறுக்குவதே சரி.

சொப்பு

மாவு முழுதும் ஈரத்துணிக்கு அடியில் இருக்கட்டும், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். கொழுக்கட்டை பாதியில் வெடிக்க ஆரம்பிக்கிறது என்பவர்கள் வீட்டில் முக்கால்வாசி குற்றவாளி தலைக்கு மேல்தான் சுற்றிக்கொண்டிருக்கும்.

22 கிராம் மாவை விரிசல் இல்லாத உருண்டையாக உருட்டி, கட்டைவிரலை நடுவில் இறக்கி, இடது கையில் சுழற்றிக்கொண்டே வலது கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஓரத்தை மட்டும் அழுத்தி மேலேற்றுங்கள். அடிப்பாகத்தை அழுத்தாதீர்கள், பூரணத்தின் எடையும் ஆவியின் ஈரமும் அங்கேதான் தங்கும். ஓரம் 2 மில்லிமீட்டர், அடி அதைவிடச் சற்றே தடிப்பு. விரல் நுனியில் எண்ணெயும் தண்ணீரும் மாறி மாறித் தொட்டால் போதும். எண்ணெய் மட்டும் தாராளமாகத் தொட்டால் வாய் மூடும்போது ஓரம் ஓரத்தோடு ஒட்டாது. பூரணம் ஓரத்தில் இழுகிவிட்டாலும் அதே கதிதான். ஈரத்துணியால் துடைத்துவிட்டு மூடுங்கள். ஓரத்தை ஒன்றுகூட்டிக் குவித்தபின் உச்சியில் மாவு கொண்டையாக மிஞ்சும். அதைக் கிள்ளி எடுத்துவிடுங்கள். அந்தக் கொண்டைதான் வேகாமல் வெள்ளையாக நிற்பது, ஆறியதும் முதலில் விறைப்பது.

அச்சில் செய்வதானால் உட்புறம் எண்ணெய் தடவி, மாவை ஒற்றி, பூரணம் வைத்து, அடிவாயைத் தனி மாவால் மூடுங்கள். வடிவம் அழகு, ஆனால் கையால் செய்வதைவிடச் சொப்பு தடிக்கும், பூரணம் குறையும். நேரம் இருந்தால் கையால் செய்வதையே சொல்வோம். எள்ளுப் பூரணத்துக்கு அச்சு ஒத்துவரும், அது உதிரியாக இருப்பதால்.

அந்த எள்ளுப் பூரணத்துக்கு அடுப்பு வேலை குறைவு. 100 கிராம் கறுப்பு எள்ளை வெடிக்கும் வரை வறுத்து, முழுக்க ஆறவிட்டு, 80 கிராம் வெல்லத்தோடு மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் பிரிந்து களியாகும். கடலைப்பருப்புப் பூரணத்தில் பருப்பு குழையவே கூடாது. நசுக்கினால் நசுங்க வேண்டும், முழுப்பருப்பாகவும் நிற்க வேண்டும். தண்ணீரைச் சுத்தமாக வடித்து, தண்ணீர் விடாமல் அரைத்து, வெல்லப் பாகில் சுருளக் கிளறுங்கள்.

ஆவி

கொப்பரைத் தண்ணீர் கொதித்து ஆவி வந்தபின்தான் தட்டை உள்ளே வையுங்கள். எண்ணெய் தடவிய தட்டு, அல்லது வாழை இலைத் துண்டு. கொழுக்கட்டைகளுக்கு நடுவே ஒரு விரல் இடம். மூடியை மெல்லிய துணியால் சுற்றிக் கட்டுங்கள். மூடியிலிருந்து சொட்டும் நீர் விழுந்த இடத்தில் சொப்பு கொழகொழத்து, எடுக்கும்போது பிய்ந்துவிடும்.

மாவு ஏற்கெனவே வெந்ததுதான், ஆகவே 8 நிமிடம் போதும். அச்சில் செய்த தடித்தவற்றுக்கு 10. வெள்ளை மங்கி, உள்ளே பூரணத்தின் நிறம் லேசாகத் தெரியும்படி சொப்பு பளபளத்தால் எடுத்துவிடலாம். 15 நிமிடம் வைத்தால் நன்றாக வேகும் என்பது தப்புக் கணக்கு. உள்ளே வெல்லம் உருகிக் கொதித்து, மெல்லிய இடத்தைத் தேடி வெளியே வரும். அடுப்பை அணைத்து, மூடியைத் திறந்து 4 நிமிடம் விட்டு, மேலே குளிர்ந்த தண்ணீர் தெளித்து எடுங்கள். சூட்டோடு இழுத்தால் அடி தட்டிலேயே நின்றுவிடும்.

வெடித்தது எந்த இடத்தில் என்று பார்த்தாலே காரணம் தெரியும். உச்சியில் வாய் திறந்திருந்தால் மூடும்போது எண்ணெயோ பூரணமோ இடையில் இருந்திருக்கிறது. பக்கவாட்டில் மயிரிழை மயிரிழையாகக் கீறல் என்றால் மாவு காய்ந்திருக்கிறது. அடியில் ஓட்டை என்றால் அழுத்தியது அதிகம். எங்கும் வெடிக்காமல் சொப்பு மட்டும் கடிக்க இழுவையாக இருந்தால், பிசைந்தபின் நெடுநேரம் கிடந்த மாவு. ஒரு ஈடு வேகும் நேரத்தில் அடுத்த ஈட்டுக்கானதை மட்டும் செய்துகொள்ளுங்கள்.

ஆறிய கொழுக்கட்டை விறைப்பது மாவுச்சத்தின் சுபாவம். குளிர்சாதனப் பெட்டியில் அது இன்னும் வேகமாக நடக்கும். அன்றைக்குத் தீர்வதை மூடிய பாத்திரத்தில் வெளியே வைத்திருந்து அன்றே சாப்பிட்டுவிடுங்கள். தேங்காய் இருப்பதால் மறுநாளைக்கென்றால் பெட்டிதான். எடுத்ததும் 4, 5 நிமிடம் ஆவியில் வைத்தால் பழைய மென்மைக்குத் திரும்பும். மைக்ரோவேவில் வைப்பதானால் ஈரத்துணியால் மூடாமல் வைக்காதீர்கள்.

மாவு மிஞ்சினால் சுண்டைக்காய் அளவில் உருட்டி, 6 நிமிடம் ஆவியில் வேகவைத்து, கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துப் புரட்டினால் மணிக் கொழுக்கட்டை. வேகவைத்த உருண்டைகளை 5 நிமிடம் ஆறவிட்டுத் தாளிப்பில் போடுங்கள், சூடாகப் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பூரணம் மிஞ்சினால் மறுநாள் தோசைக்குள் வைத்து மடித்துவிடலாம்.